குராசானின் ஆளுநர்களும் கலகக்காரர்களும்: படிப்படியாகப் படித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கலீஃபாக்களாக, அதாவது பேரரசின் தலைவர்களாக, ஆண்ட இரு மரபுகளான உமையாக்களின் காலத்திலும் அப்பாசியர்களின் காலத்திலும் இஸ்லாமியப் பேரரசின் கிழக்கு எல்லையாக இருந்த மாகாணம் குராசான். அதன் வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே திணறிப்போவதற்குக் காரணம், பெயர்கள் மிகுந்திருப்பது மட்டுமல்ல. நேற்று ஆளுநராக இருந்தவர் இன்று கலகக்காரராகிறார். இன்று கலகக்காரர் என்று சபிக்கப்பட்டவருக்கு நாளை கலீஃபாவின் நியமனக் கடிதமும் கொடியும் வந்து சேர்கின்றன. ஆகவே 'ஆள்பவர்', 'கலகக்காரர்' என்று இரண்டு பட்டியல்களை வைத்துக்கொண்டு இந்த வரலாற்றைப் படிக்க முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் வரிப்பணம் எங்கே போனது, படை யாருடைய சொல்லைக் கேட்டது, வெள்ளிக்கிழமைத் தொழுகையின் உரையான குத்பாவில் யாருடைய பெயர் சொல்லப்பட்டது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். கி.பி. 651 முதல் 900 வரையிலான காலத்தை அப்படிப் படிக்கும் முறையையே கீழே வரிசையாகத் தருகிறேன்.

முதல் படி: வரைபடத்தைக் கையால் வரைந்துகொள்ளுங்கள்

அன்றைய குராசான் இன்றைய ஈரானின் ஒரு மாநிலம் மட்டும் அன்று. அது நான்கு பெருநகரங்களை மையமாகக் கொண்ட நான்கு பகுதிகளாக எண்ணப்பட்டது: மேற்கே நிஷாப்பூர், வடக்கே மர்வ், தெற்கே ஹெராத், கிழக்கே பல்க். இன்று நிஷாப்பூர் ஈரானிலும், மர்வ் துர்க்மெனிஸ்தானிலும், ஹெராத்தும் பல்க்கும் ஆப்கானிஸ்தானிலும் இருக்கின்றன. ஒரு வெள்ளைத்தாளில் இந்த நான்கையும் குறித்துவிட்டு, பல்க்கிற்கு வடக்கே ஆமு தரியா ஆற்றைக் கோடாக இழுங்கள். அந்த ஆற்றுக்கு அப்பால் புகாராவையும் சமர்கந்தையும் எழுதுங்கள். குராசானின் ஆளுநரே பெரும்பாலும் அந்த அக்கரைப் பகுதிக்கும் பொறுப்பாளராக இருந்தார். கடைசியாக, ஹெராத்திற்குத் தெற்கே சீஸ்தானைக் குறியுங்கள். அது தனி மாகாணம்தான் என்றாலும், பிற்காலக் கதை முழுவதும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இந்த வரைபடம் ஏன் வேண்டும் என்றால், எந்தக் கலகம் நீடித்தது, எது உடனே முடிந்தது என்பதை அது பாதி விளக்கிவிடுகிறது. ஆற்றுக்கு அப்பாலோ மலைக்கோட்டையிலோ நின்றவர்கள் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். நிஷாப்பூரிலிருந்து, இன்றைய தெஹ்ரான் அருகிலிருந்த ரய் நகரை நோக்கிப் பெருவழியில் இறங்கி வந்த சுன்பாத் என்ற கலகத் தலைவர் 755-இல் எழுபது நாட்களில் அழிந்துபோனார்.

இரண்டாம் படி: ஹிஜ்ரி ஆண்டுக்குப் பழகிக்கொள்ளுங்கள்

மூல வரலாறுகள் எல்லாம் ஹிஜ்ரி ஆண்டில் பேசுகின்றன. ஹிஜ்ரி எண்ணை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் கிறிஸ்தவ ஆண்டு ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஹிஜ்ரி 129 என்பது 747, ஹிஜ்ரி 193 என்பது 809. இதற்குமேல் இதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு ஹிஜ்ரி ஆண்டு இரண்டு கிறிஸ்தவ ஆண்டுகளில் பரவிக் கிடப்பதால், இரு நூல்களில் ஓராண்டு வேறுபாடு தென்பட்டால் அதைப் பெரிய முரண்பாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாம் படி: ஒரு பேரேடு தொடங்குங்கள்

குறிப்பேட்டில் ஆறு பத்திகள் போதும்: ஆண்டு, மர்விலோ நிஷாப்பூரிலோ அதிகாரத்தில் இருந்தவர், அவரை நியமித்தவர், வரிப்பணம் சென்ற இடம், படையில் இருந்தவர்கள், குத்பாவிலும் நாணயத்திலும் இடம்பெற்ற பெயர். 'கலகக்காரரா?' என்று ஒரு பத்தி போடாதீர்கள். அந்தப் பத்தியை நிரப்ப வேண்டும் என்ற அவசரத்தில்தான் வரலாற்றாசிரியர் வீசிய வசைச்சொல்லை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறோம். எந்தக் கட்டத்துக்கும் சான்று கிடைக்கவில்லை என்றால் அதை வெறுமையாகவே விடுங்கள்.

நான்காம் படி: வரியிலிருந்து தொடங்குங்கள்

பாரசீகத்தை ஆண்ட சாசானிய மரபின் கடைசி மன்னர் மூன்றாம் யஸ்தகர்து 651-இல் மர்வ் அருகே கொல்லப்பட்ட பிறகு, அரபுப் படைகள் குராசான் நகரங்களோடு தனித்தனியே உடன்படிக்கை செய்துகொண்டன. நகரம் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு மொத்தத் தொகையைச் செலுத்த வேண்டும்; அதை யாரிடம் எவ்வளவு வசூலிப்பது என்பதைத் தெஹ்கான்கள் எனப்பட்ட உள்ளூர் நிலக்கிழார்களே பார்த்துக்கொள்வார்கள். 671-இல் இராக்கின் பஸ்ராவிலிருந்தும் கூஃபாவிலிருந்தும் சுமார் 50,000 அரபுக் குடும்பங்கள் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டதாக வரலாறுகள் கூறுகின்றன. அரபுகள் அக்கம்பக்கத்தில் வாழத் தொடங்கியதும் உள்ளூர் மக்களில் பலர் இஸ்லாத்தைத் தழுவினார்கள்.

சிக்கல் அங்கேதான் முளைத்தது. முஸ்லிமாகிவிட்டவரிடம் ஜிஸ்யா தலைவரி வாங்கக் கூடாது என்பது மார்க்கம். ஆனால் நகரம் கட்ட வேண்டிய மொத்தத் தொகை குறையாது என்பது உடன்படிக்கை. மதம் மாறியவர்களை விட்டுவிட்டால் தொகையில் துண்டு விழும். அந்தத் துண்டுக்குத் தெஹ்கான்தான் பதில் சொல்ல வேண்டும். 728-இல் ஆளுநராக இருந்த அஷ்ரஸ், ஆற்றுக்கு அப்பால் உள்ளவர்கள் இஸ்லாத்தை ஏற்றால் ஜிஸ்யா இல்லை என்று அறிவித்தார். மக்கள் திரண்டு வந்தார்கள், வருமானம் சரிந்தது, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. சமர்கந்துப் பகுதி பொங்கி எழுந்தது. அதில் ஏமாற்றப்பட்ட புதிய முஸ்லிம்களும் இருந்தார்கள், அவர்களுக்காகக் குரல் கொடுத்த அரபு முஸ்லிம்கள் சிலரும் இருந்தார்கள் என்பதைப் பேரேட்டில் மறக்காமல் குறியுங்கள்.

734-இல் அரபுத் தலைவரான ஹாரித் இப்னு சுரைஜ் இதே குறைகளைச் சொல்லிக் கறுப்புக் கொடி பிடித்து எழுந்து, 746-இல் கொல்லப்படும் வரை அலைந்தும் போரிட்டும் ஆளுநர்களுக்குத் தலைவலியாக இருந்தார். உமையாக்களின் கடைசிக் குராசான் ஆளுநரான நஸ்ர் இப்னு சய்யார் 738-இல் பதவிக்கு வந்த பின்பு வரிப் பதிவேடுகளைச் சரிபார்க்கச் செய்தார். ஜிஸ்யா கட்டிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் 30,000 பேர், கட்ட வேண்டியிருந்தும் விலக்குப் பெற்றிருந்த பிற மதத்தார் 80,000 பேர் என்று தெரியவந்ததாக வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். எண்கள் தோராயமாக முழு எண்ணாக்கப்பட்டவைதான். ஆயினும் தெஹ்கான்கள் தம் பழைய சமயத்தைச் சேர்ந்த வேண்டியவர்களைக் காப்பாற்றிவிட்டு, மதம் மாறியவர்கள் மேல் சுமையை ஏற்றிய நடைமுறையை அவை தெளிவாகவே காட்டுகின்றன. நஸ்ர் இதைத் திருத்தினார். அவர் திறமையற்ற ஆளுநர் அல்லர். திருத்தம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: படைக்குள் இருந்த பகையைப் பாருங்கள்

குராசானின் அரபுப் படை ஒரே படை அன்று. முழர் குலங்கள் ஒருபுறமும், யமன் குலங்களும் அவர்களோடு கூட்டுச் சேர்ந்த ரபீஆவும் மறுபுறமும் என அது பிளந்து கிடந்தது. ஆளுநர் எந்தப் பக்கத்தவரோ அந்தப் பக்கத்துக்கே பதவிகளும் கொள்ளைப் பங்கும் போகும். புகாராவையும் சமர்கந்தையும் வென்ற பெரும் தளபதியான குதைபா இப்னு முஸ்லிம், புதிய கலீஃபா சுலைமான் தம்மைப் பதவி நீக்கிவிடுவார் என்றஞ்சி 715-இல் கலகம் செய்தபோது, அவரைக் கொன்றது கலீஃபாவின் படையன்று. அவருடைய சொந்த வீரர்களே. படையின் குலக்கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் நஸ்ரும் அதே பொறியில் அகப்பட்டார். மர்வில் அவரும் யமன் தலைவரான கிர்மானியும் தெருவுக்குத் தெரு மோதிக்கொண்டிருந்த வேளையில், நபியின் குடும்பத்தாருக்கு ஆட்சி என்ற முழக்கத்தோடு அபூ முஸ்லிம் ஊர் ஊராக ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். சாம்பலுக்கு நடுவே கங்கு ஒளிர்வதைக் காண்கிறேன், உமையாக்கள் விழித்திருக்கிறார்களா உறங்குகிறார்களா என்று கேட்டு நஸ்ர் கலீஃபா மர்வானுக்குக் கவிதை எழுதி அனுப்பினார். உதவி வரவில்லை. ஹிஜ்ரி 129-ஆம் ஆண்டு ரமழான் 25 அன்று, அதாவது 747 ஜூன் 9-இல், மர்வ் அருகிலுள்ள ஸஃபீதன்ஜ் என்னும் சிற்றூரில் இரண்டு கறுப்புக் கொடிகள் ஏற்றப்பட்டன. ஒன்றின் பெயர் நிழல், அதன் கம்பம் 14 முழம். மற்றொன்றின் பெயர் மேகம், அதன் கம்பம் 13 முழம். இரவில் நெருப்பு மூட்டியதைக் கண்டு சுற்றுவட்டாரத்து ஆதரவாளர்கள் வந்து கூடினார்கள். அரபு, அரபல்லாதவர் என்ற வேறுபாடின்றி ஊர்ப்பெயரால் வீரர்களைப் பதிவுசெய்ததே அபூ முஸ்லிம் படையின் புதுமை என்று நான் கருதுகிறேன். கொடியின் நிறத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்தப் பதிவேட்டைப் பற்றி எழுதுவதில்லை.

748-இல் மர்வ் அவர் கைக்கு வந்தது. நஸ்ர் மேற்கே தப்பிச் சென்று வழியிலேயே நோயுற்று இறந்தார். 750-இல் ஸாப் ஆற்றுப் போரோடு உமையா ஆட்சி முடிந்து, நபியின் உறவினரான அப்பாசியர் கலீஃபாக்களானார்கள். குராசானின் கலகக்காரர் குராசானின் ஆளுநரானார். ஐந்தே ஆண்டுகளில், 755 பிப்ரவரியில், அவர் ஆட்சியில் அமர்த்திய குடும்பத்தின் இரண்டாவது கலீஃபாவான மன்சூரே அவரைத் தம் கூடாரத்துக்கு வரவழைத்துக் கொல்வித்தார்.

ஆறாம் படி: சமயக் கலகங்களை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்

அபூ முஸ்லிமின் கொலைக்குப் பின் எழுந்த கலகங்களை எல்லாம் 'பாரசீக எழுச்சி' என்று ஒரே பெயரில் அழைத்துவிடுவது எளிது, ஆனால் தவறு. நிஷாப்பூர்ப் பக்கத்து சுன்பாத் சொராஸ்திரியர். அபூ முஸ்லிமுக்காகப் பழிவாங்கப் புறப்பட்டு, ரய் நகரில் அவர் விட்டுவைத்திருந்த கருவூலத்தைக் கைப்பற்றியவர். 767-இல் எழுந்த உஸ்தாத்ஸீஸின் ஆட்கள் பாத்கீஸ் மலைப்பகுதி மக்கள். முகத்திரை அணிந்ததால் முகன்னா எனப்பட்ட ஹாஷிம் மர்வைச் சேர்ந்தவர். தெய்வத்தன்மை தம்மிடம் இறங்கியிருப்பதாகச் சொன்ன அவருக்கு ஆதரவு கிடைத்ததோ ஆற்றுக்கு அப்பால், கிஷ், நக்ஷப் பகுதிகளின் வெள்ளை ஆடைக் கிராமங்களில். மலைக்கோட்டையில் பல்லாண்டுகள் நின்று, முற்றுகையின் முடிவில் அவர் இறந்தார். நக்ஷபில் கிணற்றிலிருந்து அவர் நிலவை எழச்செய்தார் என்ற கதை பாரசீகக் கவிதையில் இன்றும் உலவுகிறது. பேரேட்டில் அதற்கு இடமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 740-களின் இறுதியில் பிஹாஃபரீத் என்பவர் சொராஸ்திரிய சமயத்தைச் சீர்திருத்த முனைந்தபோது, அவரை ஒடுக்கும்படி வேண்டியவர்கள் சொராஸ்திரியப் பூசாரிகள். ஒடுக்கியவர் அபூ முஸ்லிம். இஸ்லாத்துக்கும் பழைய சமயத்துக்கும் நடந்த நேரடி மோதல் என்ற எளிய சட்டகத்தில் இது அடங்காது. ஒவ்வொரு கலகத்துக்கும் தலைவர் சொன்னது என்ன, பின்தொடர்ந்தவர்கள் எந்த ஊரார் என்பதைத் தனித்தனியே எழுதுங்கள்.

ஏழாம் படி: ஒரு கலகத்தை முழுமையாகப் படியுங்கள்

எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படிப்பதைவிட ஒன்றை ஆழமாகப் படிப்பது நல்லது. அதற்கு நான் பரிந்துரைப்பது ராஃபிஃ இப்னு லைஸின் கலகம். அவர் மேலே பார்த்த நஸ்ர் இப்னு சய்யாரின் பேரன். சமர்கந்தில் ஒரு செல்வப் பெண்ணின் கணவர் அவளை விட்டுவிட்டு பாக்தாதிலேயே தங்கிவிட்டார். அந்த மணத்திலிருந்து விடுபட, சாட்சிகள் முன்னிலையில் இஸ்லாத்தைத் துறந்ததாக அறிவித்து, பின்னர் மீண்டும் முஸ்லிமாகும்படி ராஃபிஃ அவளுக்கு வழி காட்டி, அவளை மணந்துகொண்டார். செய்தி கலீஃபா ஹாரூன் ரஷீதை எட்டியது. மணத்தைப் பிரித்து, அவரைத் தண்டித்து, கழுதையில் ஏற்றி ஊர்வலம் விடும்படி ஆணை வந்தது. சிறையிலிருந்து தப்பிய ராஃபிஃ 806-இல் சமர்கந்தைக் கைப்பற்றினார்.

இந்த வம்புக்கதையோடு நின்றுவிட்டால், ஒரு திருமணத்துக்காகவா ஆற்றுக்கு அப்பாலுள்ள நகரங்கள் எல்லாம் எழுந்தன என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. விடை ஆளுநரின் கருவூலத்தில் இருக்கிறது. 796 முதல் குராசானை ஆண்ட அலீ இப்னு ஈஸா இப்னு மாஹான் மாகாணத்தைக் கசக்கிப் பிழிந்தவர். மக்களின் முறையீடுகள் பாக்தாதுக்கு வந்துகொண்டே இருந்தன. 805-இல் ஹாரூன் விசாரிப்பதற்காக ரய் வரை நேரில் வந்தார். அலீயோ கலீஃபாவுக்கும் அவர் மக்களுக்கும் அதிகாரிகளுக்கும் அள்ளி அள்ளிப் பரிசு வழங்கி, பதவியை உறுதிசெய்துகொண்டு திரும்பினார். மாகாணத்தாரின் முறையீட்டுக்கு இருந்த கடைசிக் கதவு அன்று மூடப்பட்டது; மறு ஆண்டே கலகம் வெடித்தது. இந்த இரண்டு வரிகளையும் பேரேட்டில் அடுத்தடுத்து எழுதினால் காரணம் தானாகவே தெரியும்.

ராஃபிஃயோடு நடந்த போரில் அலீயின் மகன் ஈஸா மாண்டார். அவர் பல்க்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் மூன்று கோடி திர்ஹம் புதைத்து வைத்திருந்தது அதன் பிறகே வெளிவந்தது என்கிறார் தபரீ. அடிமைப் பெண் ஒருத்தி வாய்திறக்க, ஊரார் தோட்டத்துக்குள் புகுந்து கொள்ளையடித்தார்களாம். ஹாரூன் இப்போது ஹர்தமா என்ற தளபதியை அனுப்பினார். துணைப்படை கொண்டுவருவதாகவே வெளியில் சொல்லப்பட்டது. அலீ அவரை மர்வில் வரவேற்று விருந்தளித்த பிறகுதான் பதவி நீக்கக் கடிதம் கைமாறியது. அலீயிடமிருந்து பறிமுதலானது எட்டுக் கோடி திர்ஹம். ஆளுநர் பிடிபட்டும் கலகம் அடங்கவில்லை. உடல்நலம் கெட்டிருந்த ஹாரூன் தாமே கிழக்கே புறப்பட்டு, 809 மார்ச்சில் தூஸ் நகரில் இறந்தார். சாகும் தறுவாயில் தம்முன் கொண்டுவரப்பட்ட ராஃபிஃயின் சகோதரரைக் கண்டதுண்டமாக வெட்டச் சொன்னவர் அவர். அவருடைய மகன் மாமூனோ மர்விலிருந்து வரிச்சலுகையும் நல்லாட்சியும் தந்தார்; ராஃபிஃ தாமாகவே வந்து சரணடைந்து மன்னிப்புப் பெற்றார். அலீ இப்னு ஈஸாவின் கதையும் தொடர்கிறது: மாமூனுக்கு எதிராக அவருடைய சகோதரரான கலீஃபா அமீன் அனுப்பிய படைக்குத் தலைமை தாங்கிவந்து, 811-இல் ரய் அருகே கொல்லப்பட்டார்.

எட்டாம் படி: குத்பாவையும் நாணயத்தையும் படிக்கப் பழகுங்கள்

அலீயைத் தோற்கடித்தவர் தாஹிர் இப்னு ஹுசைன். மாமூனைக் கலீஃபாவாக்கிய அந்தத் தளபதி 821-இல் குராசானின் ஆளுநரானார். அடுத்த ஆண்டு நடந்ததை, மாகாணத்தின் அஞ்சல் அதிகாரியாக இருந்த குல்சூம் இப்னு சாபித்தின் வாய்மொழியாகவே தபரீ பதிவுசெய்கிறார். வெள்ளிக்கிழமை மிம்பர் எனப்படும் உரைமேடைக்கு அருகே அமர்வது குல்சூமின் வழக்கம். அன்று தாஹிர் குத்பா ஓதினார். கலீஃபாவுக்காகப் பிரார்த்திக்க வேண்டிய இடம் வந்தபோது அவர் பெயரைச் சொல்லாமல், சமுதாயத்தின் நலனுக்காகப் பொதுவாக வேண்டிவிட்டு இறங்கிவிட்டார். இதை மறைக்கவும் முடியாது, எழுதினால் உயிரும் தப்பாது என்று உணர்ந்த குல்சூம், வீட்டுக்குப் போய் இறந்தவரைக் குளிப்பாட்டும் முறையில் குளித்து, அரசு உடையான கறுப்பைக் களைந்துவிட்டுக் கலீஃபாவுக்குக் கடிதம் எழுதினார். அன்றே தாஹிர் திடீரென்று இறந்துபோனார்.

நஞ்சூட்டப்பட்டாரா என்று வாதிடுவதில் பொழுதைக் கழிக்காதீர்கள். ஹிஜ்ரி 206-இல் அவர் அச்சிட்ட நாணயங்கள் சிலவற்றிலேயே கலீஃபாவின் பெயர் இல்லை. ஆகவே குத்பா தற்செயலான மறதி அன்று. அதைவிட முக்கியமானது, கலீஃபா அடுத்து என்ன செய்தார் என்பது. தாஹிரின் மகன் தல்ஹாவையே ஆளுநராக்கினார். அந்தக் குடும்பம் 873 வரை குராசானை ஆண்டது. தல்ஹாவின் சகோதரர் அப்துல்லாஹ்வின் காலத்தில் மாகாணத்தின் வருவாய் 4 கோடியே 48 லட்சத்து 46 ஆயிரம் திர்ஹம் என்றும், அதோடு 13 குதிரைகளும் 2,000 ஆடுகளும் 2,000 துருக்கிய அடிமைகளும் துணிகளும் இரும்புத் தகடுகளும் சேரும் என்றும் புவியியல் நூலாசிரியர் இப்னு குர்தாத்பிஹ் கணக்குக் கொடுக்கிறார். கனாத் எனப்படும் நிலத்தடிக் கால்வாய்களின் நீர் உரிமை பற்றித் தகராறுகள் மிகுந்தபோது, சட்ட அறிஞர்களைக் கூட்டி அதற்கென ஒரு நூலே எழுதச் செய்தவர் அப்துல்லாஹ். குத்பாவில் கலீஃபாவின் பெயரும் பாக்தாதுக்கு வரிப்பணமும் தவறாமல் போய்க்கொண்டிருந்த வரையில், நிஷாப்பூரில் தந்தைக்குப் பின் மகன் என்று பதவி இறங்கி வந்ததை யாரும் கலகம் என்று சொல்லவில்லை.

ஒன்பதாம் படி: நூலை எழுதியவர் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்

சீஸ்தானில் மாதம் 15 திர்ஹம் கூலிக்கு வேலை பார்த்த செம்புக் கொல்லர் யஃகூப் இப்னு லைஸ், ஊர்க்காவல் கூட்டத்தில் சேர்ந்து, 861-இல் சீஸ்தானுக்கே தலைவராகி, 873-இல் நிஷாப்பூருக்குள் நுழைந்து கடைசித் தாஹிரிய ஆளுநரைச் சிறைப்பிடித்தார். நியமனக் கடிதம் எங்கே என்று நகரத்தார் கேட்டபோது, துணியில் சுற்றிய வாளை எடுத்துக்காட்டி, பாக்தாதில் கலீஃபாவை அமர்த்தியதும் இதுதானே என்றாராம். இதைப் பெருமையோடு சொல்வது சீஸ்தானில் எழுதப்பட்ட உள்ளூர் வரலாறு. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த, சல்ஜூக் என்ற துருக்கிய அரச மரபின் அமைச்சர் நிஸாமுல் முல்க்கோ அவரை மார்க்கத்தை விட்டு வழிதவறிய துரோகியாகத் தீட்டுகிறார். இரண்டையும் நடுவில் வெட்டிச் சமரசம் செய்யாதீர்கள். பாக்தாதின் நடவடிக்கைகளை மட்டும் தேதிவாரியாக அடுக்குங்கள்: முதலில் குராசான் ஹாஜிகளைக் கூட்டி யஃகூபைக் கண்டிக்கும் கடிதம் வாசிக்கப்பட்டது; சில மாதங்களில் அதே யஃகூபுக்குக் குராசான், தபரிஸ்தான், பார்ஸ் எல்லாம் தருவதாகத் தூது வந்தது; அவர் ஏற்காமல் முன்னேற, 876 ஏப்ரலில் பாக்தாதுக்குத் தென்கிழக்கே தைருல் ஆகூல் என்ற ஊரருகே, கால்வாய் நீரைத் திறந்து சேறாக்கப்பட்ட தரையில் தோற்றார்.

879-இல் அவர் இறந்ததும் தம்பி அம்ர் கலீஃபாவுக்குப் பணிந்து முறையான ஆளுநரானார். 885-இல் பதவி பறிக்கப்பட்டு, அவரைச் சபிக்கும்படி ஆணை வந்தது. பின்னர் பதவி திரும்பியது. 898-இல் ஆற்றுக்கு அப்பாலுள்ள பகுதிக்கும் சேர்த்து அவருக்கு நியமனம் வந்தது. அங்கே ஏற்கெனவே 'சாமானியர்' என்று பெயர்பெற்ற ஆளும் மரபைச் சேர்ந்த இஸ்மாயீல் ஆண்டுகொண்டிருந்தார். கலீஃபாவின் கடிதப்படி பார்த்தால், அந்த ஆண்டு அம்ர் ஆளுநர், இடத்தை விட மறுத்த இஸ்மாயீல் கலகக்காரர். 900-இல் பல்க் அருகே அம்ர் பிடிபட்டார். கலீஃபா முஃதளித் இஸ்மாயீலைப் பாராட்டிக் குராசானின் நியமனத்தை அவருக்கே அனுப்பினார். அம்ர் பாக்தாதுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 902-இல் கொல்லப்பட்டார்.